பேரக்குழந்தைக்கு கார் சீட்: சென்னைத் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

வளைகாப்பு முடிந்து மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்த வீட்டில் தொட்டில், பழைய வேட்டித் துணி, கொசுவலை, லேகியம் எல்லாம் தயாராக இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் காரில் குழந்தைக்கு என்ன ஏற்பாடு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. "மடியில வச்சுக்கலாம், பத்து நிமிஷம்தானே" என்று பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் பேத்திக்கு நான்கு வயது, பேரனுக்கு எட்டு மாதம். இருவருக்கும் சீட் தேடியபோது கடைக்காரர் ஒன்று சொன்னார், இணையத்தில் வேறொன்று இருந்தது, அமெரிக்காவில் இருக்கும் தம்பி மகன் மூன்றாவதாக ஒன்று சொன்னான். எதை நம்புவது என்று தெளிவதற்கே மாதக்கணக்கில் ஆனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் இருநூறு, முந்நூறு கிலோ கனத்தோடு முன்னால் பாயும். எந்தத் தாத்தாவின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. அடுத்தது சட்டம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். வண்டி ஓட்டுபவருக்கு மட்டுமில்லை, ஓட்டவிட்டவருக்கும்.

1. கடைக்குப் போகும் முன் காரைப் பாருங்கள்

எல்லோரும் சீட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். காரிலிருந்து தொடங்குங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீட்டாக இருந்தாலும் உங்கள் காரில் ஆடாமல் உட்காரவில்லை என்றால் பயனில்லை.

பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். தோள் வழியாகவும் இடுப்பு வழியாகவும் வரும் மூன்று முனை பெல்ட் வேண்டும். பழைய கார்களில் நடு இடத்துக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். பெரும்பாலான குழந்தை சீட்டுகளுக்கு அது போதாது. நம் ஊரில் இன்னொரு தொந்தரவும் உண்டு. கார் வாங்கிய வாரமே ரெக்சின் கவர் போட்டுவிடுவோம், பின் சீட் பக்கிள் அந்தக் கவருக்கு அடியில் போய் மறைந்துவிடும். தோண்டி வெளியே எடுத்து, மாட்டினால் 'கிளிக்' என்று பிடிக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டை நேராகக் காரோடு பூட்டும் ஏற்பாடு. பின் சீட்டின் முதுகுப்பகுதியும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விடுங்கள். விரல் பருமனுக்கும் குறைவான இரும்புக் கம்பி, 'ப' வடிவில் வளைந்தது, சுமார் 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு தட்டுப்படும். சமீப ஆண்டுகளில் வந்த கார்களில் பெரும்பாலும் இடது, வலது இரண்டு ஓர இடங்களிலும் இருக்கிறது. இதையும் தடித்த சீட் கவர் மூடிவிடும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கவர் போடக் கொடுக்கிறீர்கள் என்றால், ஐசோஃபிக்ஸ் கம்பிக்கு நேராகத் திறப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே போட்ட கவர் என்றால் அந்த இடத்தில் மட்டும் பிரித்து ஓரம் அடித்துக் கொடுப்பார்கள்.

டாப் டெதர் என்பது சீட்டின் தலைப்பகுதியிலிருந்து பின்னால் போகும் ஒரு நாடா. அதை மாட்டும் கொக்கி செடான் காரில் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் இருக்கும். ஹேட்ச்பேக்கில் பின் சீட்டின் முதுகிலோ டிக்கியின் தரையிலோ இருக்கும். டிக்கியில் சாமான் கட்ட ஒரு வளையம் இருக்கிறதே, அதில் மாட்டிவிடாதீர்கள். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், இழுவையைத் தாங்காது.

காரோடு வந்த கையேட்டை எடுங்கள். குழந்தை சீட் பற்றிய அட்டவணை ஒன்று அதில் இருக்கும். எந்த இடத்தில் எந்த எடைப் பிரிவுச் சீட்டை வைக்கலாம் என்று எழுத்தால் குறித்திருப்பார்கள். 'யூ' என்றால் யூனிவர்சல் சீட், அதாவது பெரும்பாலான கார்களுக்குப் பொதுவாகச் செய்த சீட், எதுவும் வைக்கலாம், 'யூஎஃப்' என்றால் முன்னோக்கி உட்காரும் யூனிவர்சல் சீட் மட்டும், 'எக்ஸ்' என்றால் அந்த இடத்தில் வைக்கவே கூடாது. கையேடு தொலைந்துவிட்டால் பெரும்பாலான கார் கம்பெனிகளின் இணையதளத்தில் கிடைக்கும். அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடையில் உதவும்.

முன் சீட்டைப் பற்றி ஒரே பேச்சுதான். எதிரே ஏர்பேக் வேலை செய்கிற இடத்தில், பின்னோக்கி (குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்க) உட்காரும் சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் சீட்டின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்கு நேராக, அடிக்கும். குழந்தைக்குப் பின் சீட், அதிலும் முடிந்தால் இடது ஓரம். நம் ஊரில் பிளாட்பாரம் அந்தப் பக்கம்தான். போக்குவரத்து ஓடுகிற பக்கம் நின்று குழந்தையை ஏற்றி இறக்க வேண்டியிருக்காது.

2. குழந்தையின் எடை, உயரம்

வயதை வைத்து சீட் வாங்காதீர்கள். தடுப்பூசி நோட்டில் கடைசியாக எழுதிய எடையையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். சீட்டின் ஸ்டிக்கரில் இருப்பது அந்தக் கணக்குத்தான்.

ஆர்44 என்ற ஐ.நா. விதிப்படி செய்த சீட்டுகள் எடையை வைத்துப் பிரிக்கப்பட்டவை. 0+ பிரிவு 13 கிலோ வரை, 1ஆம் பிரிவு 9 முதல் 18 கிலோ, 2ஆம் பிரிவு 15 முதல் 25, 3ஆம் பிரிவு 22 முதல் 36 கிலோ. புதிய ஆர்129 விதிப்படி வந்தவற்றில் உயரம் செ.மீ. கணக்கில் இருக்கும். ஐ-சைஸ் என்று போட்டிருப்பதும் இந்தக் குடும்பம்தான். ஆர்129 விதியில் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும்.

15 மாதம் என்பது குறைந்தபட்சம். சீட்டின் எடை, உயர வரம்பு தாண்டும்வரை பின்னோக்கியே வைத்திருக்கச் சொல்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தினர். காரணம் எளிது. கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து இளசு. முன்னால் மோதும்போது பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட் சேர்த்துத் தாங்கிக்கொள்ளும். "கால் மடங்குதே, பாவம்" என்று பாட்டிகள் சொல்வார்கள். என் மனைவியும் சொன்னாள். குழந்தை சம்மணம் போட்டுச் சௌகரியமாகவே உட்கார்ந்துகொள்ளும்.

"வளர்ற குழந்தை, கொஞ்சம் பெருசா வாங்கிடலாம்" என்று பாவாடை சட்டைக்குச் சொல்லலாம், இதற்குச் சொல்லக் கூடாது. இன்றைய எடைக்குப் பொருந்துவதுதான் வேண்டும்.

3. எந்த வகை, என்ன விலை

கடைகளிலும் இணையத்திலும் நான் விசாரித்த அளவில் விலை சுமாராக இப்படி இருந்தது. பண்டிகைத் தள்ளுபடியில் இறங்கும், வெளிநாட்டுப் பிராண்டு என்றால் ஏறும்.

கைப்பிடி வைத்த கைக்குழந்தை சீட் (0+): 4,000 முதல் 9,000 ரூபாய். பிறந்த குழந்தைக்குச் சாய்வு சரியாக இருக்கும், தூங்கும் குழந்தையை சீட்டோடு தூக்கலாம். ஆனால் ஒன்று, ஒன்றேகால் வயதில் பல குழந்தைகளுக்குப் பத்தாது.

கன்வெர்டிபிள் சீட்: முதலில் பின்னோக்கி, பிறகு முன்னோக்கித் திருப்பிக்கொள்ளலாம். பெல்ட்டில் மாட்டுவது 7,000 முதல் 13,000, ஐசோஃபிக்ஸ் உள்ளது 12,000 முதல் 25,000. வெளிநாட்டுப் பிராண்டுகள் 30,000க்கு மேலேயும் போகும்.

முதுகு உள்ள பூஸ்டர்: 4,000 முதல் 10,000. குழந்தையைக் கொஞ்சம் உயர்த்தி உட்காரவைத்து, காரின் பெல்ட்டே சரியான இடத்தில் விழும்படி செய்வது.

என்னைக் கேட்டால், செலவைக் குறைக்க நல்ல வழி ஒரு கன்வெர்டிபிளும் அப்புறம் ஒரு பூஸ்டரும். கைக்குழந்தை சீட்டைத் தாண்டிவிடலாம். ஆனால் கன்வெர்டிபிள் பிறந்த குழந்தைக்கு நன்றாகச் சாய்கிறதா, தலைக்கு ஒத்தாசையாக உள்மெத்தை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பிறந்ததிலிருந்து 12 வயது வரை ஒரே சீட் என்று விற்பவையும் இருக்கின்றன. விலையைப் பார்த்தால் ஆசை வரும். எல்லா வயதுக்கும் என்று செய்த சீட் சில சமயம் கைக்குழந்தைக்கு நேராக நிமிர்ந்து நிற்கும், பெரிய பிள்ளைக்குத் தோள் இடிக்கும். வாங்குவதானால் இரண்டு நிலையிலும் உட்காரவைத்துப் பாருங்கள்.

ஐசோஃபிக்ஸ் கட்டாயமா? இல்லை. பெல்ட்டால் இறுக்கமாக மாட்டிய சீட்டும் பாதுகாப்பானதே. தப்பாக மாட்ட வாய்ப்பு குறைவு என்பதுதான் ஐசோஃபிக்ஸின் பெரிய லாபம். வீட்டில் மூன்று பேர் மாற்றி மாற்றி கார் ஓட்டுகிறீர்கள் என்றால் அந்தக் கூடுதல் பணம் தகும்.

எதை வாங்கக் கூடாது என்பதையும் சொல்கிறேன். இணையத்தில் 600, 1,000 ரூபாய்க்கு மெத்தை போன்ற துணி சீட்டும், பட்டி மட்டும் வைத்த 'சேஃப்டி பெல்ட்'டும் கார் சீட் என்ற பெயரிலேயே வருகின்றன. உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு கிடையாது, எந்தச் சான்றும் கிடையாது. படத்தில் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அவற்றைத் தொடாதீர்கள்.

4. ஸ்டிக்கர், பில், காகிதங்கள்

சீட்டின் முதுகிலோ அடியிலோ ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் இருக்க வேண்டும். வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிக்கிறது. ஆர்44 சீட் என்றால் அனுமதி எண் 04 என்று தொடங்க வேண்டும். ஆர்129 என்றால் அதையே எழுதியிருக்கும். இந்தியத் தரம் ஏஐஎஸ் 072. "ஐரோப்பியத் தரம்" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், சீட்டைத் திருப்பிப் பாருங்கள்.

மாடல் பெயரும் வரிசை எண்ணும் உள்ள ஜிஎஸ்டி பில், வாரண்டி அட்டை, கையேடு, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தயாரித்த தேதி சீட்டின் பிளாஸ்டிக்கில் அச்சாகவோ ஸ்டிக்கரிலோ இருக்கும். அதையும் ஆரஞ்சு ஸ்டிக்கரையும் படம் எடுத்து மகளுக்கோ மருமகனுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஸ்டிக்கர் நாளாவட்டத்தில் உரிந்துவிடும், பில்லில் எழுத்து மங்கிவிடும்.

5. எப்போது, எங்கே

பிரசவத்துக்கு என்றால் எட்டாம் மாதத்திலேயே வாங்கி மாட்டிப் பழகிவிடுங்கள். முதல் தடவை மாட்ட அரை மணி நேரம்கூட ஆகும், பழகினால் ஐந்து நிமிடம். டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் விசில் அடிக்கும்போது கையேட்டைப் பிரித்துப் படிக்க முடியாது. அவசரம் இல்லாதவர்கள் ஆடித் தள்ளுபடிக்கோ தீபாவளிக்கு முந்தைய இணைய விற்பனைக்கோ காத்திருக்கலாம்.

தி.நகர், அண்ணா நகர், வேளச்சேரி பக்கம் உள்ள குழந்தைப் பொருள் கடைகளில் நேரில் பாருங்கள். பார்க்கிங்கில் உங்கள் காரிலேயே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள். சின்ன கார் என்றால் இது இன்னும் முக்கியம். பின்னோக்கிய சீட் நிறைய இடம் பிடிக்கும், முன் சீட்டை நகர்த்த வேண்டிவரும், அங்கே உட்காரும் உயரமான ஆளுக்கு முட்டி டாஷ்போர்டில் இடிக்கும். தரைக்கு ஊன்றும் கால் உள்ள சீட் என்றால், அந்தக் கால் ஊன்றும் இடத்தில் காரின் தரைக்கு அடியில் பெட்டி போலக் குழிவாக இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் கார் கையேட்டில் அனுமதி இல்லாமல் அதை வாங்கக் கூடாது.

இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பக் கொடுக்கும் நாட்கள் குறைவு. வந்த அன்றே காரில் வைத்துப் பாருங்கள். பெட்டியையும் உறையையும் அதுவரை எறியாதீர்கள்.

6. இரவல், பழையது, அமெரிக்காவிலிருந்து வருவது

சொந்தக்காரர் வீட்டில் சும்மா கிடக்கிறது என்று கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளலாம், சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால். அந்த சீட் இருந்த கார் எங்காவது மோதியதா? எந்த வருடம் தயாரித்தது? பல கம்பெனிகள் 6 முதல் 10 வருடம் வரைதான் பயன்படுத்தச் சொல்கின்றன. கையேடும் எல்லா உள்மெத்தைகளும் இருக்கின்றனவா? சென்னையில் கூடுதலாக ஒரு கேள்வி: வெள்ளத்தில் நனைந்த காரா? 2015லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனை கார்கள் முழுகின என்று நமக்குத் தெரியும். சேற்றுத் தண்ணீர் பக்கிளுக்குள் போனால் துரு பிடிக்கும், துணியைத் துவைத்துப் போட்டுவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. முகம் தெரியாதவரிடம் பழைய சீட் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அவர் சொல்வதைச் சரிபார்க்க வழியே இல்லை.

விடுமுறைக்குப் பேரன் பேத்தி அமெரிக்காவிலிருந்து வரும்போது தங்கள் சீட்டையே கொண்டுவருவது நல்ல யோசனை. பல விமான நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மாட்டும்போது ஒரு சிக்கல் வரும். அமெரிக்கக் கார்களில் பயணிகள் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொண்டு சீட்டை இறுக்கிப் பிடிக்கும். நம் கார்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. பெல்ட் திடீர் இழுப்புக்கு மட்டும்தான் பூட்டும், மற்ற நேரம் தளர்ந்துகொண்டே போகும். அதற்குத்தான் 'எச்' வடிவில் ஒரு சின்ன உலோகக் கிளிப். பல அமெரிக்க சீட்டுகளின் முதுகிலோ அடியிலோ செருகி வைத்திருப்பார்கள், பலருக்கு அது இருப்பதே தெரியாது. சில சீட்டுகளில் பெல்ட்டைப் பூட்டும் பிடி உள்ளேயே இருக்கும். ஐசோஃபிக்ஸ் போலவே அந்த ஊர் சீட்டில் வரும் லாட்ச் கொக்கிகள் பெரும்பாலும் நம் ஐசோஃபிக்ஸ் கம்பியில் மாட்டும். அப்படி மாட்ட முடிந்தால் பெல்ட் பிரச்சினையே இல்லை, எடை வரம்பை மட்டும் கையேட்டில் பாருங்கள்.

சீட் கொண்டுவர முடியாதவர்களுக்கு, வருஷத்தில் ஒரு மாதம்தான் தேவை என்றால், வாடகைக்கு எடுப்பது மலிவு. சென்னையில் தருபவர்கள் இருக்கிறார்கள். அதே கேள்விகளை அவர்களிடமும் கேளுங்கள். டிசம்பருக்கும் கோடை விடுமுறைக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

7. மாட்டுவது

பெல்ட்டில் மாட்டும்போது முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் எந்தப் பக்கமும் நகரக் கூடாது. தலைப்பக்கம் பிடித்து ஆட்டினால் எல்லா சீட்டும் ஆடும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

குழந்தையின் தோள்பட்டி, பின்னோக்கி உட்காரும்போது தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கும் துளையிலிருந்து வர வேண்டும். முன்னோக்கி என்றால் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. பூட்டிய பிறகு தோளருகே பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிக்க வந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றித்தான் நம் கையில் கொடுப்பார்கள். சுற்றியபடியே சீட்டில் வைத்தால் காலுக்கு நடுவே வரும் பட்டியைப் பூட்ட முடியாது. முதலில் பூட்டுங்கள், அப்புறம் துணியை மேலே போர்த்துங்கள். கல்யாணத்துக்குப் போகும் பேத்திக்குப் பட்டுப்பாவாடையை முட்டிவரை தூக்கிவிட்டுப் பட்டியைப் பூட்டி, பிறகு கீழே இழுத்துவிடுங்கள். அரைஞாண் கொடி இடுப்புப் பட்டிக்கு அடியில் சிக்கினால் சதையில் அழுத்தும், சின்னதுக்குச் சொல்லத் தெரியாது, காரணம் தெரியாமல் அழும். சீட் பிடிக்காமல் அழுகிறது என்று நாமும் தூக்கி மடியில் வைத்துவிடுவோம். பூட்டும்முன் விரலை விட்டு அதை மேலே நகர்த்திவிடுங்கள்.

8. வெயில், டாக்ஸி, நீண்ட பயணம்

கத்திரி வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் உலோகம் சுடும். இறங்கும்போது சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள், ஏற்றும்முன் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். குழந்தையை மட்டும் காரில் விட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட எங்கும் போகாதீர்கள், கண்ணாடி இறக்கியிருந்தாலும்.

துணி உறையைத் துவைக்கலாம். பட்டியை ஊறவைக்கவோ மெஷினில் போடவோ கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கால் டாக்ஸியில் சீட் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடிக்கடி டாக்ஸியில் போகிறவர்கள் பெல்ட்டால் மாட்டும் எடை குறைந்த சீட்டாக வாங்குவது நல்லது. டிரைவர் வந்ததும் முதல் வேலையாகப் பின் சீட் பெல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் கவருக்குள்தான் இருக்கும். கேஸ் சிலிண்டர் வைத்த வண்டியில் டிக்கியில் இடம் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

திருப்பதி, புதுச்சேரி என்று நீளமாகப் போனால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, குழந்தையை வெளியே எடுங்கள். வீடு வந்ததும் தூங்கும் குழந்தையை அதே சீட்டில் தொடர்ந்து தூங்க விடாதீர்கள். கைக்குழந்தையின் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு தடைபடும். எடுத்துச் சமமான படுக்கையில் போடுங்கள்.

9. அடுத்ததற்கு மாறுவது, பழையதை அகற்றுவது

தலை சீட்டின் உச்சியிலிருந்து ஒரு அங்குலத்துக்குள் வந்துவிட்டால் பின்னோக்கிய நிலை போதாது. முன்னோக்கிய சீட்டில் குழந்தையின் தோள், உச்சியில் உள்ள பட்டித் துளையைத் தாண்டினாலோ எடை வரம்பு முடிந்தாலோ பூஸ்டர். பூஸ்டரை விடுவதற்கு உயரம் 145 முதல் 150 செ.மீ. ஆகட்டும். இடுப்பு பெல்ட் வயிற்றில் ஏறாமல் தொடை தொடங்கும் இடத்தில் படிய வேண்டும், தோள் பெல்ட் கழுத்தை உரசக் கூடாது. சில குழந்தைகளுக்கு இதற்கு 11, 12 வயதுகூட ஆகும். பள்ளியில் யாரும் உட்காருவதில்லை என்று அடம் பிடிப்பார்கள். சரி, முதுகு இல்லாத பூஸ்டருக்கு மாற்றிப் பாருங்கள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

நல்ல நிலையில் உள்ள சீட்டை, தயாரித்த தேதியைச் சொல்லி, கையேட்டோடு அடுத்த வீட்டுப் பேரக்குழந்தைக்குக் கொடுங்கள். ஆயுள் முடிந்தது, விபத்தில் சிக்கியது, வெள்ளத்தில் நனைந்தது என்றால் காயலான் கடைக்குப் போடும்முன் பட்டிகளைக் கத்திரியால் வெட்டி, ஓட்டின் மேல் அழியாத மையில் 'பயன்படுத்தாதீர்கள்' என்று எழுதுங்கள். அப்படியே போட்டால், யாரோ துடைத்து வேறொரு குழந்தைக்கு விற்றுவிடுவார்கள்.